ஆட்டுத்தோல்: கத்தி வைக்குமுன் எடுக்க வேண்டிய முடிவு

தோல் வேலை கற்க வருகிறவர்கள் முதலில் கேட்பது தோலைப் பதனிடும் ஆவாரம்பட்டை எங்கே கிடைக்கும் என்பதைத்தான். நான் அவர்களைப் பட்டை வாங்க அனுப்புவதில்லை. ஞாயிற்றுக்கிழமை விடிவதற்கு முன்பே ஆட்டுக்கறிக் கடைக்குப் போய், உரிக்கிறவர் பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு வரச் சொல்கிறேன். ஒரு தோல் என்னவாக ஆகும் என்பது பெரும்பாலும் அங்கேயே முடிவாகிவிடுகிறது. தொட்டியும் பட்டையும் எண்ணெயும் அந்த முடிவை நிறைவேற்றுகின்றன, அவ்வளவுதான்.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். தண்ணீர்ப் பை ஒன்று செய்யும் ஆசையில், கடையில் வாங்கிய நல்ல தோலொன்றைச் சுமந்துகொண்டு திண்டுக்கல்லில் ஒரு பெரியவரிடம் போனேன். தோல் ஷாப்பில், அதாவது தோல் பதனிடும் கூடத்தில், நாற்பது ஆண்டு உழைத்தவர். தோலை விரித்துப் பார்த்தார், உள்பக்கத்தைக் கையால் தடவினார். “தோலு நல்லாத்தான் இருக்கு தம்பி. ஆனா வயித்தக் கிழிச்சாச்சே. இனிமே இது பை ஆகாது, விரிப்புதான்” என்றார். இந்த அத்தியாயத்தின் பாதி அந்த ஒரு பேச்சில் அடங்கியிருக்கிறது.

இரண்டு வகை உரிப்பு

நம் ஊர்க் கடைகளில் ஆட்டைப் பின்னங்காலில் தொங்கவிட்டு, தாடை முதல் வால் வரை வயிற்றுப் பக்கம் நேர்கோடாகக் கீறி உரிக்கிறார்கள். தோல் ஒரு விரிப்பாகக் கிடைக்கும். செருப்பு, பணப்பை, புத்தக உறை, தோல்பாவை, கொட்டு வாத்தியம் எல்லாவற்றுக்கும் இந்த விரிப்புதான் வேண்டும்.

தண்ணீர்ப் பைக்கும் கொல்லன் துருத்திக்கும் வேறு மாதிரி உரிக்க வேண்டும். வயிற்றில் கத்தி படக் கூடாது. பின்னங்கால் மூட்டுகளைச் சுற்றிக் கீறி, இரண்டு தொடைகளுக்கும் இடையே மட்டும் ஒரு வெட்டுப் போட்டு, அங்கிருந்து கழுத்தை நோக்கிச் சட்டையைக் கழற்றுவது போல முழுதாக இழுக்க வேண்டும். முன்னங்கால்கள் சட்டைக் கைபோல வெளியே வரும். கழுத்துதான் பிற்பாடு பையின் வாய். உரிப்பவருக்கு இதில் கால் மணி நேரமாவது கூடுதலாகும், அதற்கான கூலியைக் கேட்காமலே கொடுத்துவிடுங்கள். கடைக்காரரிடம் முந்தின நாளே சொல்லிவைப்பது முக்கியம். ஆடு தொங்கிய பிறகு சொன்னால் யாரும் கேட்க மாட்டார்கள்.

எந்த வகையானாலும் ஒன்றைக் கவனியுங்கள். நன்றாக உரிக்கத் தெரிந்தவர் முதல் கீறலுக்குப் பிறகு கத்தியைக் கீழே வைத்துவிடுவார். தோலுக்கும் சதைக்கும் நடுவே முட்டியைச் செலுத்தி அழுத்தி அழுத்தித்தான் பிரிப்பார். கத்தியாலேயே உரித்தால் உள்பக்கத்தில் கீறல்கள் விழும். பச்சைத் தோலில் அவை கண்ணுக்குத் தெரியாது. பதனிட்டு இழுக்கும்போதுதான் ஒவ்வொன்றாக வாயைத் திறக்கும். பைக்கு எடுத்த தோலில் அப்படி ஒரே ஒரு கீறல் இருந்தாலும் உங்கள் பல வார வேலை வீண்.

நோயில் செத்த ஆட்டின் தோல் மலிவாகவோ சும்மாவோ கிடைக்கிறது என்று யாராவது சொன்னால் தொடவே தொடாதீர்கள். அடைப்பான் நோய்க் கிருமியின் வித்துகள் காய்ந்த தோலிலும் முடியிலும் பல ஆண்டு உயிரோடு கிடக்கும். கையில் சிறு கீறல் இருந்தாலே உள்ளே போய்விடும். திடீரென்று விழுந்து செத்த ஆட்டை உரிக்கவே கூடாது.

நல்ல தோல் எது

ஆட்டுத்தோலை மாட்டுத்தோலோடு ஒப்பிடுவது சரியாகாது, இரண்டும் வேறு வேறு வேலைக்கு உரியவை. ஒப்பிட வேண்டியது வெள்ளாட்டையும் செம்மறியையும். வெள்ளாட்டுத் தோலில் நார்கள் நெருக்கமாகப் பின்னியிருக்கும், மேல்தோல் அடியோடு இறுகப் பற்றியிருக்கும். அதனால்தான் ஒரு மில்லிமீட்டர் கனமே இருந்தாலும் இழுவை தாங்குகிறது. செம்மறித் தோலில் நார்களுக்கு நடுவே கொழுப்பு தங்குகிறது. கொழுப்பு போனதும் அந்த இடம் வெற்றாகி, மேலடுக்கும் கீழடுக்கும் பிரிந்து தளர்ந்துவிடும். புறணிக்கும் மென்மையான கையுறைக்கும் அது ஏற்றது. தண்ணீர் சுமக்க ஏற்றதில்லை.

பதனிட்ட பிறகும் இரண்டையும் பிரித்தறியலாம். சாய்ந்த வெளிச்சத்தில் மேற்பரப்பைப் பாருங்கள். வெள்ளாட்டில் முடித்துளைகள் சிறு சிறு வரிசைகளாக, மீன் செதில் அடுக்கியது போலத் தெரியும். புத்தகக் கட்டுமானக்காரர்கள் மொராக்கோ தோல் என்று போற்றிய மணி மணியான அழகு இந்த வெள்ளாட்டு மேற்பரப்பில் பிறந்ததுதான்.

நம் பக்கத்துக் கன்னி ஆடு, கொடி ஆடு, சேலம் கருப்பு ஆகியவற்றின் தோல்கள் எல்லாமே இந்த வேலைக்கு உதவும். இனத்தைவிட வயதையும் மேய்ச்சலையும்தான் நான் பார்ப்பேன். ஒன்று முதல் இரண்டு வயது ஆடு பைக்குப் பொருத்தம். அதற்கு மேல் போனால் கழுத்துப் பகுதி தடித்து, பட்டைச்சாறு உள்ளே இறங்க நாளாகும். முள்காட்டில் மேய்ந்த ஆட்டுக்கு உடம்பெல்லாம் ஆறிய கீறல்கள் இருக்கும். உண்ணி கடித்த இடமும் அம்மை வடுவும் ஊசிமுனைப் புள்ளிகளாக நிற்கும். விரிப்பில் அவை அழகுக் குறை மட்டுமே, பையில் கசிவாகும். உரித்த தோலை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

உப்பு

உரித்த நாலு மணி நேரத்துக்குள் உப்பு போட வேண்டும். சித்திரை, வைகாசியில் அதுவும் தாமதம். வீட்டுக்கு வந்து காபி குடித்துவிட்டுப் பார்க்கலாம் என்று நினைக்காதீர்கள். கடைக்குப் போகும்போதே உப்பைக் கையோடு கொண்டுபோங்கள்.

தோலின் எடையில் பாதிக்குச் சற்றுக் குறைவாக உப்பு வேண்டும். ஒன்றரைக் கிலோ தோலுக்கு 600 முதல் 700 கிராம். கல்லுப்பைக் கொஞ்சம் நசுக்கிக்கொள்ளுங்கள். மாவாக்கினால் ஒரே இடத்தில் கட்டிக்கொள்ளும். முதலில் தோலைத் தண்ணீரில் அலசி இரத்தத்தைப் போக்கி, வடியவிட்டு, சதைப் பக்கத்தில் ஓரம் வரை தேய்க்க வேண்டும். கழுத்து, கால் மடிப்பு, வால் அடி ஆகிய மூன்று இடங்களிலும் அழுத்தித் தேயுங்கள். அழுகல் தொடங்குவது அங்கேதான். முழுப்பையாக உரித்த தோலை உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பிக்கொண்டு தேயுங்கள். சாய்வான பலகையில் போட்டுவைத்தால் உப்புநீர் வடியும். மறுநாள் ஈரமான இடங்களில் இன்னொரு கை உப்பு.

அழுகல் தொடங்கியதா என்று மூக்கை நம்பிப் பார்க்காதீர்கள். வயிற்றுப் பக்கம் முடியைப் பிடித்து மெல்ல இழுங்கள். கொத்தாகக் கையோடு வந்தால் தோல் கெட்டுவிட்டது.

சுண்ணாம்பும் தவிடும்

உப்பிட்ட தோலை இரண்டு மூன்று முறை தண்ணீர் மாற்றி ஓர் இரவு ஊறவிட்டால், உரித்தபோது இருந்த குழைவு திரும்பும். அதன் பிறகு சுண்ணாம்பு.

ஒரு தோலுக்கு ஐந்து லிட்டர் தண்ணீரும் இருநூறு கிராம் நீற்றுச் சுண்ணாம்பும் போதும். சுண்ணாம்பு தண்ணீரில் மிகக் குறைவாகவே கரையும், மிச்சம் அடியில் தங்கும். அது வீண் இல்லை. கரைந்ததைத் தோல் இழுத்துக்கொள்ள இழுத்துக்கொள்ள அடியில் இருப்பது கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து ஈடுகட்டும். ஆகவே நாளுக்கு இரண்டு முறை தோலை வெளியே எடுத்துவிட்டு, அடிவரை கலக்கி, மறுபடி உள்ளே போட வேண்டும். கலக்காத தொட்டியில் மேலே கிடக்கும் தோல் வெறும் தண்ணீரில் கிடப்பதற்குச் சமம். ரப்பர் கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். கண்ணில் ஒரு துளி தெறித்தாலும் உடனே ஓடும் நீரில் கால் மணி நேரம் கழுவிவிட்டு மருத்துவரிடம் போங்கள்.

தோல் ஷாப்புகளில் சோடியம் சல்பைடு சேர்த்து ஒரே நாளில் முடியைக் கழற்றிவிடுகிறார்கள். வீட்டில் அது வேண்டாம். அமிலம் பட்டால் அதிலிருந்து கிளம்பும் வாயு உயிரைக் குடிக்கும். வெறும் சுண்ணாம்பில் ஐந்து முதல் எட்டு நாள் ஆகும், ஆகட்டும்.

முடி தளர்ந்ததும் வழவழப்பான மரக்கட்டைமேல் தோலைப் போட்டு, மழுங்கிய கத்தியால் முடி படிந்திருக்கும் போக்குக்கு எதிராகத் தள்ளினால் பாயாக உருண்டு வரும். பிறகு மறுபக்கம் திருப்பி, கூரான கத்தியைச் சாய்த்துப் பிடித்துச் சதையையும் சவ்வையும் சீவ வேண்டும். இந்த வேலையில் அவசரம் ஆகாது. சவ்வு ஒட்டியிருக்கும் இடத்தில் பட்டைச்சாறு இறங்காது. சீவிய துணுக்குகளைத் தூக்கி எறியாதீர்கள். நன்றாகக் கழுவி, சுண்ணாம்பு போன பிறகு மெல்லிய சூட்டில் காய்ச்சினால் பசை கிடைக்கும். தச்சர்கள் வச்சிரம் என்று சொன்னது இந்தப் பசையைத்தான்.

இப்போது தோல் வீங்கி, விறைத்து, ரப்பர் போல இருக்கும். உள்ளே சுண்ணாம்பு இருக்கிறது. அது போகாமல் பட்டைச்சாற்றில் போட்டால் தோல் கறுத்து, காய்ந்ததும் மடித்த இடத்தில் வெடிக்கும். மொராக்கோவின் ஃபெஸ் நகரத்துத் தோல் தொட்டிகளில் இதற்குப் புறா எச்சம் கரைத்த நீரைப் பயன்படுத்துகிறார்கள். எச்சத்தில் உள்ள நொதிகள் தோலைத் தளர்த்துகின்றன. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மானிய வேதியியலர் ஓட்டோ ரோம் அதே வேலை செய்யும் நொதிகளைத் தூளாக்கி விற்கத் தொடங்கிய பிறகுதான் உலகத்துத் தோல் கூடங்கள் பெரும்பாலும் எச்சத்தையும் சாணத்தையும் கைவிட்டன. வீட்டுக்குத் தவிடு போதும். கால் கிலோ தவிட்டை வெதுவெதுப்பான நீரில் ஓர் இரவு புளிக்கவிட்டு, அலசிய தோலை அதில் ஒரு நாள் போடுங்கள். புளிப்பு சுண்ணாம்பை வெளியே இழுக்கும். தோல் தொய்ந்து பட்டுத்துணி போல விழும். கட்டைவிரலால் அழுத்தினால் பதிந்த தடம் அப்படியே நிற்க வேண்டும்.

சுண்ணாம்பு முழுதும் போனதா என்று பார்க்க மஞ்சள் இருக்கிறது. கழுத்தோரத்தில் ஒரு சிறு துண்டை வெட்டி, வெட்டுமுகத்தில் மஞ்சள் கரைத்த நீரைத் தடவுங்கள். நடுவில் சிவப்புக் கோடு எழுந்தால் சுண்ணாம்பு இன்னும் இருக்கிறது. ஆரத்தித் தட்டில் மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்து சிவப்பாகிறதே, அதே வேலைதான். மஞ்சளாகவே நின்றால் தொட்டிக்குப் போகலாம்.

ஆவாரந்தொட்டி

ஒரு கடுக்காய்த் துண்டை வாயில் போட்டு மெல்லுங்கள். நாக்கு இறுகிச் சுருங்குகிறது. அந்தத் துவர்ப்பு நாக்கின் ஈரத்தில் இருக்கும் புரதத்தைப் பிடித்துக் கட்டுவதால் வருகிற உணர்வு. தோலின் நார்களும் புரதம்தான். துவர்ப்பு அவற்றைப் பிடித்துக் கட்டியதும் அழுக வைக்கும் கிருமிகளுக்கு அங்கே தீனி இல்லாமல் போகிறது. தோல் பதனிடுவது என்பது அடிப்படையில் இதுதான். இதைப் புரிந்துகொண்டால் அளவுகளை நீங்களே கூட்டிக் குறைத்துக்கொள்வீர்கள்.

தமிழ்நாட்டுப் பழைய தோல் வேலையின் உயிர் ஆவாரம்பட்டை. வறண்ட தரிசில், சாலையோரத்தில், தண்ணீர் கேட்காமல் வளரும் செடி அது. அதன் பட்டையில் பதனிட்டுக் கடுக்காயில் முடித்த ஆட்டுத்தோலும் மாட்டுத்தோலும் 19ஆம் நூற்றாண்டில் சென்னைத் துறைமுகம் வழியாக இங்கிலாந்துக்குப் பெருமளவில் போயின. ஈஸ்ட் இந்தியா தோல் என்று உலகச் சந்தையில் அதற்குத் தனிப் பெயர் உண்டு. இன்று அந்தப் பெயருக்குப் புவிசார் குறியீடும் இருக்கிறது. பின்னால் வாட்டில் மரத்தின் பட்டையும் குரோமியமும் வந்து ஆவாரையை ஓரங்கட்டின. குரோமியத்தில் ஒரே நாளில் முடிகிறதைப் பட்டையில் மூன்று வாரம் செய்ய எந்தக் கூடமும் விரும்பாது. ஆனால் குடிக்கும் தண்ணீர் நிற்கப்போகிற தோலை நான் பட்டையில் மட்டுமே பதனிடுவேன், வேறு வழியைச் சொல்லித்தரவும் மாட்டேன்.

இந்த அறிவு யாருடையது என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். இடுப்பளவு சுண்ணாம்புத் தண்ணீரில் நின்று, கால் வெந்து, ஊருக்கு வெளியே தள்ளி வைக்கப்பட்ட மனிதர்கள் தலைமுறை தலைமுறையாகச் சேர்த்த அறிவு இது. திண்டுக்கல் தோல் தொழிலாளர்களின் வாழ்க்கையை டி. செல்வராஜ் ‘தோல்’ நாவலில் எழுதினார், 2012இல் அதற்குச் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. இந்த வேலையைக் கையில் எடுக்கிறவர் அந்த நாவலை ஒருமுறை படித்துவிட வேண்டும் என்பது என் நிபந்தனை.

இனி செய்முறை. ஒரு தோலுக்கு மொத்தம் இரண்டரை முதல் மூன்று கிலோ உலர்ந்த பட்டை வேண்டும். ஒரே நாளில் போடக் கூடாது. அரைக் கிலோ பட்டையை இடித்துப் பத்து லிட்டர் தண்ணீரில் இரண்டு நாள் ஊறவைத்தால் இளஞ்சாறு கிடைக்கும். தோலை முதலில் இதில் போடுங்கள். முதல் நாள் மணிக்கொரு முறை கையால் துழாவிக் கொடுங்கள், இல்லாவிட்டால் மடிப்புகள் திட்டுத்திட்டாக நிறம் பிடிக்கும். மூன்று நாளுக்கொரு முறை அரைக் கிலோ பட்டை சேர்த்துச் சாற்றைக் கெட்டியாக்கிக்கொண்டே போங்கள்.

எடுத்ததும் கெட்டிச்சாற்றில் போட்டால் என்ன? மேற்பரப்பு உடனே இறுகிக் கதவைச் சாத்திவிடும். உள்ளே பச்சைத் தோல் அப்படியே நிற்கும். வெளியே பார்க்க முடிந்த தோல் போலவே இருக்கும், ஆறு மாதத்தில் நடுவிலிருந்து அழுகும். பழைய தோல் கூடங்களில் புதுத்தோலை மற்றத் தோல்களிடம் சாரம் இழந்த பழஞ்சாற்றில்தான் முதலில் போடுவார்கள். நீங்களும் ஒரு தொட்டிச் சாற்றை முடித்ததும் கொட்டாமல் அடுத்த தோலின் முதல் சாறாக வைத்துக்கொள்ளுங்கள்.

இரும்பு மட்டும் அருகில் வரக் கூடாது. என் முதல் தோல்கள் மூன்றையும் ஒரு பழைய தகர டிரம்மில் போட்டு, மறுநாள் மூடியைத் திறந்தபோது அவை மை போலக் கறுத்திருந்தன. துவர்ப்பும் இரும்பும் சேர்ந்தால் பிறப்பது மைதான், கடுக்காய் மை செய்யும் முறையே அது. அப்படிக் கறுத்த தோலைப் பழைய நிறத்துக்குக் கொண்டுவருவது கடினம். மண் தொட்டி, பிளாஸ்டிக் டிரம், எவர்சில்வர் அண்டா எதுவும் ஆகும். ஆழ்துளைக் கிணற்று நீரில் செம்படிவு இருந்தால் அதையும் தவிர்த்து மழைநீரைப் பிடித்து வையுங்கள்.

பதினெட்டாம் நாளுக்கு மேல் சோதிக்கலாம். தோலிலேயே கனமான கழுத்தோரத்தில் ஒரு துணுக்கு வெட்டுங்கள். வெட்டுமுகம் முழுதும் ஒரே பழுப்பாக இருக்க வேண்டும். நடுவில் வெள்ளைக் கோடு தெரிந்தால் இன்னும் நாலு நாள். ஐயம் இருந்தால், கைவைக்க முடியாத ஆனால் கொதிக்காத, எழுபது டிகிரி அளவிலான வெந்நீரில் அந்தத் துணுக்கை இரண்டு நிமிடம் போடுங்கள். பச்சைத் தோல் சுருண்டு பாதியாகிவிடும். பட்டை ஏறிய தோல் அசையாது.

கடைசியில் கடுக்காய். நாட்டு வைத்தியத்தில் செய்வது போலவே கொட்டையை நீக்கிவிட்டு, இருநூறு கிராம் தோட்டை இடித்து எட்டு லிட்டர் தண்ணீரில் ஊறவைத்து, தோலை இரண்டு நாள் அதில் விடுங்கள். ஆவாரை ஏறிய தோல் வெயில் பட்டால் சிவந்துகொண்டே போகும். கடுக்காய் அதைத் தடுத்து, வெளிர் மஞ்சள் நிறத்தை நிறுத்தும்.

விரிப்பானால் அலசி, தண்ணீர் வடிந்ததும் ஈரம் இருக்கும்போதே புங்க எண்ணெய் தடவி நிழலில் காயவிடுங்கள். ஈரம் வெளியேற வெளியேற எண்ணெய் உள்ளே இறங்கும். வெயிலில் காயவைத்தால் அட்டையாகிவிடும். பாதி காய்ந்ததும் மரக்கட்டையின் விளிம்பில் முன்னும் பின்னும் இழுத்துக் கொடுத்தால் குழைவு வரும். பைக்குப் புங்க எண்ணெய் வேண்டாம், தண்ணீர் கசந்துவிடும்.

கழிவுநீர் பற்றி ஒரு சொல். உப்புநீரைத் தோட்டத்திலோ கிணற்றருகிலோ கொட்டாதீர்கள். அகலமான தட்டில் வெயிலில் வற்றவிட்டு உப்பைத் தனியே எடுத்து வையுங்கள். சுண்ணாம்பு நீரைத் தெளியவிட்டு வண்டலைத் தனியே எடுங்கள். பாலாற்றங்கரைக்குத் தோல் கழிவு என்ன செய்தது என்பது உச்ச நீதிமன்றத்தின் 1996 தீர்ப்பு வரை போன கதை. நம் ஒரு தொட்டி சிறியதுதான், ஆனாலும் நம் கிணறும் ஒன்றுதான்.

பை

முழுதாக உரித்த தோலுக்கு மேலே சொன்ன எல்லாம் பொருந்தும், ஒரு வேறுபாட்டோடு. கடைசி ஒரு வாரம் தோலைத் தொட்டியில் போடாமல், தொட்டியைத் தோலுக்குள் போடுங்கள். கால்களையும் பின்பக்க வெட்டையும் இறுகக் கட்டி, கழுத்து வழியே பட்டையும் சாறுமாக நிரப்பி, ஒரு கொம்பில் தொங்கவிட்டு, அடியில் அண்டா வையுங்கள். சாற்றின் எடையே அதைத் தோலுக்குள் அழுத்தி இறக்கும். வெளியே வியர்த்துச் சொட்டுவதை எடுத்து மறுபடி மேலே ஊற்றுங்கள். இரண்டு நாளுக்கொரு முறை தலைகீழாக மாற்றிக் கட்டுங்கள். வட இந்தியக் கிராமங்களில் பெரிய எருமைத் தோலையும் இப்படித்தான் பதனிட்டார்கள். இதில் இன்னொரு பயன் உண்டு. எங்காவது ஓட்டை இருந்தால் இந்த வாரத்திலேயே தெரிந்துவிடும்.

பிறகு தைப்பு. பின்பக்க வெட்டின் இரண்டு ஓரத்தையும் உள்நோக்கி மடித்து, நடுவே விரலகலத் தோல் வார் ஒன்றை வைத்து, குத்தூசியால் சிறு துளையிட்டு, தேன்மெழுகு தேய்த்த நூலால் இரண்டு ஊசி கொண்டு எதிரெதிரே தையுங்கள். நடுவில் வைத்த வார் தண்ணீர் பட்டதும் உப்பி, ஊசித்துளைகளை அடைத்துக்கொள்ளும். துளை நூலைவிடப் பெரிதாக இருக்கக் கூடாது. கால்களை மடித்து மெழுகு நூலால் பல சுற்றுச் சுற்றுங்கள். முன்னங்கால் ஒன்றையும் பின்னங்கால் ஒன்றையும் வாரால் இணைத்தால் தோளில் மாட்டும் பட்டை தயார்.

இனி ஒரு முடிவு எடுக்க வேண்டும். வியர்க்கும் பையா, வியர்க்காத பையா?

தண்ணீருக்கு வியர்க்கும் பைதான் நல்லது. தோலின் நுண்துளை வழியே ஈரம் கசிந்து வெளியே ஆவியாகும்போது உள்ளிருக்கும் நீர் குளிர்கிறது. மண்பானையின் அதே தத்துவம். சகாராவில் கெர்பா என்றும் வட இந்தியாவில் மசக் என்றும் சொன்ன ஆட்டுத்தோல் பைகள் இவைதான். டெல்லி ஜும்மா மசூதித் தெருக்களிலும் பழைய கல்கத்தாவிலும் மசக்கைத் தோளில் சாய்த்துத் தண்ணீர் வார்த்த பிஷ்திகள் அண்மைக் காலம் வரை இருந்தார்கள். 1539இல் சௌசாப் போரில் தோற்றுக் கங்கையில் மூழ்க இருந்த முகலாயப் பேரரசர் ஹுமாயூனைக் காப்பாற்றியது நிஜாம் என்ற பிஷ்தியின் காற்றூதிய மசக். நன்றிக்கடனாக அவரைச் சிறிது காலம் அரியணையில் அமரவைத்தார் ஹுமாயூன். காற்றை நன்றாக அடைக்கும் பை தண்ணீரையும் நன்றாக அடைக்கும். ஆகவே தைத்து முடித்ததும் உங்கள் பையை ஊதிக் கட்டி, வாளித் தண்ணீரில் அமுக்கிப் பாருங்கள். குமிழி வரும் இடத்தில் தையலைத் திருத்துங்கள்.

வியர்க்காத பை எண்ணெய்க்கும் மதுவுக்கும் உரியது. ஸ்பெயினில் போத்தா என்ற மதுப்பையை வெள்ளாட்டுத் தோலில் முடியை ஒட்ட வெட்டி உள்பக்கமாகத் திருப்பித் தைத்து, பைன் மரக் கீலை உருக்கி உள்ளே ஊற்றிச் சுழற்றுவார்கள். முடி கீலைப் பிடித்துவைக்கும். நாம் தேன்மெழுகையும் குங்கிலியத்தையும் கொண்டு இதைச் செய்யலாம். மெழுகு மூன்று பங்கு, குங்கிலியம் ஒரு பங்கு. குங்கிலியத்தை மட்டும் முதலில் உருக்கி, மெழுகைச் சேர்த்து, ஆறவிட்டு, பிசுபிசுவென்று ஓடும் நிலையில் ஊற்றிச் சுழற்றுங்கள். பை எலும்பு போல உலர்ந்திருக்க வேண்டும். வெந்நீர்ச் சோதனையில் பார்த்தோமே, ஈரத்தோல் சூட்டில் சுருங்கும். உலர்ந்த தோல் அதைவிட அதிகச் சூடு தாங்கும். ஈரமான பையில் உருகிய மெழுகை ஊற்றுகிறவர் கையில் பை பாதியாகச் சுருங்குவதைப் பார்க்க நேரிடும்.

எந்தப் பையானாலும் முதல் மூன்று முறை நிரப்பிய தண்ணீரைக் குடிக்காதீர்கள், நாள் முழுக்க வைத்திருந்து கொட்டிவிடுங்கள். அதன் பிறகும் ஒரு வாரம் லேசான துவர்ப்பு இருக்கும். எலுமிச்சைச் சாறு, மோர் போன்ற புளிப்பானவை வேண்டாம்.

பதனிடாத தோல்

எல்லாத் தோலையும் பதனிட வேண்டியதில்லை. முடி நீக்கி, சீவி, சட்டத்தில் இழுத்துக் கட்டிக் காயவைத்த பச்சைத் தோல் கண்ணாடி போல ஒளியை விடும். தோல்பாவைக் கூத்தின் பொம்மைகள் இப்படிக் காய்ந்த ஆட்டுத்தோலில் வெட்டப்பட்டவை. பட்டையில் பதனிட்ட தோலில் விளக்கொளி ஊடுருவாது. வாத்தியத் தோலும் பச்சைதான், மிருதங்கத்தில் ஆடு, மாடு, எருமை மூன்றும் சேர்ந்து ஒலிக்கின்றன. துவர்ப்பு ஏறிய தோலில் நாதம் செத்துவிடும். மாறாகத் துருத்திக்குக் குழைவு வேண்டும், அதற்குப் பதனிட்டு நிறைய எண்ணெய் ஊட்டுவார்கள். சேலம் பக்கத்தில் இரும்பு உருக்கிய சிறு உலைகளுக்கு முழு ஆட்டுத்தோல் துருத்திகள் இரண்டு மாறி மாறிக் காற்றூதின. ஆந்திரத்தில் தித்தி என்ற சுருதி வாத்தியமும் முழு ஆட்டுத்தோல் பைதான். மூச்சை அதற்குள் நிரப்பி, கையால் அமுக்கிச் சீராக வெளியே விடுகிறார்கள்.

ஓட்டை விழுந்தால்

பயன்படுத்தும் பையை முழுதாகக் காயவிடாதீர்கள். கொஞ்சம் தண்ணீரோடு நிழலில் தொங்கவிடுங்கள், வாரத்துக்கு ஒருமுறை கடுக்காய் ஊறிய நீரில் அலசுங்கள். மாதக்கணக்கில் தேவையில்லை என்றால் மட்டும் உலர்த்தி, உள்ளே வைக்கோல் திணித்து, எலி எட்டாத உயரத்தில் மாட்டுங்கள்.

முள் குத்தி ஓட்டை விழுந்தால் ஒட்டுப் போட முயல வேண்டாம். ஈரத் தோலில் பசை நிற்காது. ஓட்டைக்கு உள்பக்கம் புளியங்கொட்டை அளவில் வழவழப்பான கூழாங்கல் ஒன்றை வைத்து, வெளியிலிருந்து தோலோடு சேர்த்துக் குமிழாகப் பிடித்து, குமிழின் கழுத்தில் மெழுகு நூலைப் பத்துச் சுற்றுச் சுற்றி முடிச்சிடுங்கள். அந்தத் திண்டுக்கல் பெரியவர் வீட்டுச் சுவரில் தொங்கிய பையில் இப்படி ஏழு குமிழ்கள் இருந்தன. நான் கேட்டதும் அதை இறக்கி, தண்ணீர் நிரப்பிக் காட்டினார். ஒரு சொட்டுக்கூடக் கீழே விழவில்லை.